எட்டாவது பெட்டியில் டீ மணி

வல்லக்கோட்டை முருகன் துணை

பென்னலூர்,
புரட்டாசி 22, புதன்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி எல்லப்பன் அவர்களுக்கும் சம்பந்தியம்மா முனியம்மாள் அவர்களுக்கும், உங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்த கோதண்டம் இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் வீட்டுக்காரி லீலா, மாடியில் குடியிருக்கும் கம்பெனிப் பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்பது தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை நாங்கள் தாம்பூலத் தட்டோடு தலைதீபாவளிக்கு அழைக்க வந்தபோது, நீங்கள் பின்வாசல் வழியாகக் கோயிலுக்கு நடந்துபோன வேகத்தை நான் முன்வாசலில் இருந்தே பார்த்தேன். முட்டி வலி உள்ள மனிதர் அப்படி நடக்க முடியாது. மிக்க மகிழ்ச்சி.

போனில் பதினோரு தடவை கூப்பிட்டும் நீங்கள் எடுக்காததால்தான் இந்தக் கடிதம். தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டே நாள். இசைவாணி எங்களுக்கு ஒரே பெண். தலைதீபாவளி ஒரு பெண்ணுக்கு ஒரு தடவைதான் வருகிறது. ஆனால் அவளைக் கேட்டால், "மாமா வாயால போய்ட்டு வாங்கன்னு ஒரு வார்த்த வரட்டும்பா, அப்பறம் பாக்கலாம்" என்கிறாள். மாப்பிள்ளை நிலவனைக் கேட்டால் தரையைப் பார்க்கிறார். லீலா என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை ஒன்றரை மாதமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆகவே சுங்குவார்சத்திரம் மண்டபத்தில் நடந்த வரவேற்பில் என்ன ஆயிற்று, அது ஏன் ஆயிற்று என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். முழுத் தவறும் என்னுடையதுதான். ஆனால் அந்தப் பாட்டு நன்றாகத்தான் இருந்தது என்பதையும் நடுவில் எங்காவது சொல்லிவிடுவேன், கோபிக்கக் கூடாது.

இது போன சித்திரையில் ஆரம்பித்தது. இசைவாணி புது போன் வாங்கியதும், பழைய போனில் பாட்டு செய்கிற ஆப் ஒன்றை ஏற்றி, "எனக்கு இசைவாணின்னு பேர் வச்சதோட வுட்டுட்ட. நீயாவது இசை பண்ணுப்பா" என்று என் கையில் கொடுத்தாள். தவில், வயலின், கிதார் எதுவும் வாசிக்கத் தெரிய வேண்டாம். சத்தங்களைக் கட்டம் கட்டமாக வைத்தால் அதுவே தாளம் போட்டு ஓட்டுகிறது. ஆனால் அதற்குள் நாலாயிரம் சத்தம் இருந்தது சம்பந்தி. மத்தளம் மட்டுமே அறுநூறு தினுசு. நான் ஷிப்டு முடிந்து வந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்தச் சத்தத்தைத் தொட்டாலும் அதற்கு அடுத்தது இதைவிட நன்றாக இருக்குமோ என்று தோன்றும். லீலாவைப் புடவைக் கடைக்குக் கூட்டிப்போனால் எப்படியோ அப்படி. மூன்று வாரத்தில் ஒரு பாட்டுகூட வரவில்லை, காதுவலி மட்டும் வந்தது.

அப்போதுதான் எங்கள் கம்பெனி நினைவுக்கு வந்தது. நான் ஒரகடத்தில் கார் சீட் ஃப்ரேம் செய்யும் லைனில் பதினேழு வருடமாகத் தரம் பார்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆபரேட்டரின் கைக்கெட்டும் தூரத்தில் நீலப் பெட்டிகள் இருக்கும். அந்த வேலைக்கு வேண்டிய போல்ட், வேண்டிய நட்டு, அவ்வளவுதான் அதில் இருக்கலாம். வேண்டாத ஒரு சாமான் அங்கே கிடந்தால் சிவப்புச் சீட்டு கட்டி வெளியே அனுப்பிவிடுவோம். அதிகச் சாமான் இருந்தால் கை தப்பானதைத்தான் எடுக்கும். இதைப் புதுப் பிள்ளைகளுக்கு நானே ஆயிரம் தடவை பாடம் எடுத்திருக்கிறேன், என் போனுக்கு எடுக்கவில்லை. அன்றைக்கே நாலாயிரம் சத்தத்துக்கும் சிவப்புச் சீட்டு. எட்டே எட்டுப் பெட்டி வைத்துக்கொண்டேன். எட்டுப் பெட்டிக்கு எட்டுச் சத்தம். ஆப்பில் உள்ள சத்தம் எதுவும் கூடாது. ஒரு மனுஷனுக்குச் சோறு போடும் பொருளின் சத்தமாக இருக்க வேண்டும், அந்தப் பொருளால் பிழைக்கிறவரே அதை எழுப்ப வேண்டும். ஒரு தடவைதான் பதிவு, மறுபடி எடுக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. எங்கள் லைனில் ஒரு ஃப்ரேம் முடிய ஆகும் நேரம் தொண்ணூற்றிரண்டு விநாடி என்பதால் பாட்டும் தொண்ணூற்றிரண்டு விநாடிதான். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினேன். "உன்ன யாரு இதெல்லாம் கேட்டது? நீயே பூட்டு போட்டுகினு நீயே சாவி தேடறியே" என்றாள் லீலா. அவளுக்கு விளக்கினால் புரியாது. நாலாயிரம் இருந்தபோது வராத பாட்டு, எட்டு என்று முடிவு செய்த அன்றைக்கே மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது சம்பந்தி. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதே கால் தாளம் போட்டது. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு குஷி எனக்கு வந்ததே இல்லை.

முதல் பெட்டியில் என்னுடைய டார்க் ரெஞ்ச். போல்ட் சரியாக முறுகியதும் "டக்" என்று ஒரு சத்தம் வரும், பதினேழு வருடமாக அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வரும். இரண்டாவது லீலாவின் தையல் மெஷின். மூன்றாவது இசைவாணி, அவள் வேலை செய்யும் கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு டேப் கிழிப்பாளே, அந்தச் "சர்ர்ர்". நான்காவது என் தம்பியின் ஷேர் ஆட்டோ கிளம்பும் சத்தம். ஐந்தாவது லீலாவின் தங்கை கிடங்கில் பார்கோடு அடிக்கும் "பீப்". ஆறாவது என் பெரியப்பா மகனின் இஸ்திரிப் பெட்டி மூடி. இந்த விஷயம் சொந்தத்துக்குள் பரவியதும் லீலாவின் அண்ணன் கோழிக்கடையை மூடிவிட்டு நேரே வந்துவிட்டார். "எல்லாரையும் சேத்துகினு என்ன மட்டும் வுட்டுட்டீங்களே மச்சான். நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று கண்ணில் தண்ணீர். கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால்கூட மனுஷன் அப்படிக் கலங்கமாட்டார். கடைக்கே போய் மரக்கட்டை மேல் அவர் கத்தி போடும் சத்தத்தைப் பதிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா, "அரக் கிலோ, தோல் எடுத்துட்டுப் போடு" என்றது. விதிப்படி அழிக்க முடியாது. ஆகவே பாட்டில் உள்ள ஒரே வரி அதுதான். மணமக்கள் மேடையில் நிற்கும்போது "தோல் எடுத்துட்டு, தோல் எடுத்துட்டு" என்று வந்ததற்குக் காரணம் இது. நீங்கள் வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படி ஏழு பெட்டி நிறைந்தது. எட்டாவது பெட்டிக்கு என்ன வைப்பது என்று எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. அந்த யோசனையோடுதான் பத்திரிகை வைக்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். நினைவிருக்கும், அன்றைக்கு நான் காபி குடித்துக்கொண்டே இந்தப் பாட்டு விஷயத்தையும் எட்டுப் பெட்டியையும் எட்டாவது காலியாக இருப்பதையும் உங்களிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்துபோய், அலமாரியில் இருந்து உங்கள் கண்டக்டர் விசிலைக் கொண்டுவந்து, துண்டால் துடைத்து, ஒன்று ஊதினால் நிற்கணும், ரெண்டு ஊதினால் போகணும் என்று ஊதியும் காட்டினீர்கள். ரிட்டயர் ஆனவர், பழைய நினைப்பு வருவது சகஜம்தான் என்று நானும் "சூப்பரா கீது சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, மீதிக் காபியைக் குடித்துவிட்டு, எட்டாவது பெட்டிக்கு என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். மறுநாள் கம்பெனியில் டீ மணி அடித்தது. ஆஹா, இதுதான் என்று பட்டது. எங்கள் கேன்டீன் மேஸ்திரி அடிக்கும் மணி, அவருக்குச் சோறு போடுகிற மணி, விதிக்கும் பொருந்துகிறது. ஒரே பதிவு. எழுபதாவது விநாடியில் வைத்தேன். கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்சு எடுத்தது.

அங்கேதான் விதி விளையாடியது. டீ மணி என்றால் மற்றவர்களுக்கு ஒரு சத்தம், எங்கள் கம்பெனிக்காரனுக்கு அது உயிர். பத்து நிமிடம்தான் இடைவேளை. நானூறு பேருக்கு ஒரே கேன்டீன். முதல் மணிக்கு எழுந்தவனுக்கு பஜ்ஜி, யோசித்து எழுந்தவனுக்கு வெறும் டீ. அடுத்த மணி அடித்தால் வாயில் என்ன இருந்தாலும் லைனுக்குத் திரும்பிவிட வேண்டும். வருடக்கணக்கில் இப்படிப் பழகின காலுக்கு மூளையின் அனுமதி தேவையில்லை. எனக்கு முன்னெச்சரிக்கையும் கிடைத்தது. வீட்டில் பாட்டைப் போட்டுப் பார்த்தபோது, இரவு ஷிப்டு முடிந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்வாணன் என்ற திருநெல்வேலிப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே படியிறங்கி வந்து, லீலா முன்னால் கையை நீட்டி, "யக்கா, வரிசை எந்தப் பக்கம் நிக்கி?" என்று கேட்டான். தரம் பார்க்கிறவனாக நான் அப்போதே அதை எழுதி வைத்திருக்க வேண்டும். நானோ, என் பாட்டு தூங்குகிறவனையும் எழுப்புகிறது என்று பூரித்துப்போய் அவனுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

பிறகு நடந்தது நீங்கள் கண்ணால் கண்டது. மாப்பிள்ளை வீட்டாரை முறையாகக் கூப்பிட்டு முதல் பந்தியில் உட்கார வைப்பதற்காகத்தான் நானும் என் தம்பியும் சந்தனக் கிண்ணத்தோடு நின்றோம். மைக் செட் சாம்சனிடம் பாட்டைப் போடச் சொல்லியிருந்தேன். டக், சர்ர், பீப், கத்தி, தோல் எடுத்துட்டு. மண்டபம் அமைதியாகக் கேட்டது. எழுபதாவது விநாடி மணி அடித்ததும் எங்கள் கம்பெனி ஆட்கள் நூற்றெண்பது பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். யாரும் ஓடவில்லை, கம்பெனியில் மஞ்சள் கோட்டுக்குள் நடப்பதுபோல இடது ஓரமாக வரிசையாக நடந்து உங்களைத் தாண்டிப் பந்திக்குள் போனார்கள். நானும் போனேன் சம்பந்தி. இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இலை முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்த பிறகுதான் என் கையில் சந்தனக் கிண்ணம் இருப்பதைப் பார்த்தேன்.

அத்தோடு நின்றிருந்தால்கூட சமாளித்திருக்கலாம். சாம்சன் என்ன நினைத்தான் என்றால், பாட்டைக் கேட்டு நூற்றெண்பது பேர் எழுந்து நின்றதை வாழ்நாளில் பார்த்ததில்லை, ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தான். மறுபடி போட்டான். இனிப்பு வைத்து, வடை விழுந்த நேரம், இரண்டாவது மணி. இடைவேளை முடிந்தது. நூற்றெண்பது பேரும் வடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர்கள் சாப்பாடு முடிந்தது என்று இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டார்கள். உங்கள் ஜனங்களைக் கையைப் பிடித்து அழைத்து வருவதற்குள் சாம்சன் மூன்றாவது தடவை போட்டான். மறுபடி மணி, மறுபடி மஞ்சள் கோடு, மறுபடி இலை, மறுபடி வடை. நான் மேடைக்கு ஓடி ஒயரைப் பிடுங்கியபோது சாம்சன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இன்னா பாட்டுண்ணே இது, ஜனம் ஆடுது பாருண்ணே" என்றான். வல்லக்கோட்டையில் இருந்து பஸ் பிடித்து வந்த உங்கள் ஜனங்களுக்கு வடை இல்லை, இனிப்பு பாதி, சாம்பார் ரசம் பதத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தாம்பூலப் பையைக்கூட வாங்காமல் இறங்கிப் போனீர்கள்.

அன்றிலிருந்து நான் சும்மா இல்லை. எங்கள் கம்பெனியில் ஒரு பழுது வந்தால் ஐந்து முறை "ஏன்" கேட்க வேண்டும், ஐந்தாவது ஏனில் வேர் கிடைக்கும் என்பார்கள். உங்கள் கோபத்துக்கும் கேட்டேன். சம்பந்தி ஏன் போன் எடுக்கவில்லை? கோபம். ஏன் கோபம்? ஜனங்கள் முன்னால் மரியாதை போயிற்று. ஏன் மரியாதை போயிற்று? பந்தி பிந்திற்று. பிந்தினால் என்ன, ஏன் அவ்வளவு? வடை தீர்ந்துபோயிற்று. ஏன் தீர்ந்தது? டீ மணி. வேர் கிடைத்துவிட்டது என்று தாளில் எழுதி, லீலாவிடம் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கினேன். மறுநாளே இருநூறு வடை சுட்டு ஒரு தகர டின்னில் போட்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். சம்பந்தியம்மா டின்னை வாங்கிக்கொண்டு, "அவரு தூங்கறாரு" என்றார்கள். உள்ளே டிவி சத்தம் கேட்டது, நான் கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஆகவே சம்பந்தி, இந்தக் கடிதத்தின் மூலம் முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். பாட்டு செய்வதை விட்டுவிட்டேன். போன் பீரோவில், சாவி லீலாவின் இடுப்பில். ஃப்ரிட்ஜ் மேலிருந்த விதித் தாளையும் கிழித்துவிட்டேன். ஒன்றரை மாதமாக என் காதுக்குள் தாளம் இல்லை. உண்மையைச் சொன்னால் மனசு வெறிச்சென்று இருக்கிறது, ரெஞ்ச் "டக்" என்றால் பழையபடி வெறும் டக் என்றுதான் கேட்கிறது. ஆனால் என் பெண் வாசலில் வந்து நிற்பதைவிட எனக்கு எந்தப் பாட்டும் பெரிதில்லை. தீபாவளிக்கு அவர்கள் வந்தால், முதல் வடை, முதல் இலை, எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான். வீட்டில் எந்த மணியும் அடிக்காது, கேஸ் சிலிண்டர்காரர் வந்தால்கூடக் கையால் தட்டச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து பிள்ளைகளை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவையுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு லீலாவின் வணக்கம். டின் அவசரமில்லை. உங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் வல்லக்கோட்டையான் நீண்ட ஆயுளும் வலியில்லாத முட்டியும் தர வேண்டிக்கொண்டு,

தங்கள் தாழ்மையுள்ள சம்பந்தி,
ப. கோதண்டம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுச் செருப்பை மாட்டும்போது மாப்பிள்ளை பைக்கில் வந்து நின்று, "அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாரு மாமா" என்று ஒரு பழுப்புக் கவரை நீட்டினார். உள்ளே உங்கள் விசில். கூடவே பழைய டிக்கெட் கட்டு அட்டையில் உங்கள் கையெழுத்து: "சம்பந்திக்கு. உங்க மச்சான் கோழி வெட்ற கத்திக்கு எடம் கீது. தோல் எடுக்கச் சொன்ன பொம்பளைக்கும் எடம் கீது. முப்பத்தோரு வருசம் ஊதின விசிலுக்கு எடம் இல்ல. மாப்ள வூட்டுப் பக்கம் ஒரு சத்தம்கூட இல்லாத பாட்டு இன்னா பாட்டு? அன்னிக்கு எதுக்கு எடுத்து ஊதிக் காட்டினேன்னு நெனச்சீங்க? வடைய நாங்க பாத்ததே இல்லியா?"

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏன் மாப்ள, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "நீங்க எங்க மாமா கேட்டீங்க? வடையப் பத்தியேதான பேசிகினு இருந்தீங்க" என்றார். ஆறாவதாக ஒரு ஏன் கேட்டிருக்க வேண்டும் சம்பந்தி. அந்த விசில் இருக்க வேண்டிய பெட்டியில்தான் நான் டீ மணியை வைத்தேன். என்னை என்ன சொன்னாலும் தகும்.

ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு, வடை, ஆணை எல்லாவற்றுக்கும் சிவப்புச் சீட்டு. கடிதத்தைப் புதிதாக எழுதியிருப்பேன், ஆனால் ஒரு தடவைதான் பதிவு, அழிக்கக் கூடாது என்பது விதி. பீரோச் சாவியை லீலாவே எடுத்துக் கொடுத்துவிட்டாள். டீ மணியை அழிக்கவில்லை, அந்த நிமிடமே பெட்டியிலிருந்து வெளியே அனுப்பினேன். எட்டாவது பெட்டி காலியாக இருக்கிறது.

விசிலை நான் ஊதவில்லை. ஆசை உதடு வரை வந்தது, ஆனால் அதனால் பிழைத்தவர்தான் ஊத வேண்டும். மஞ்சள் துணியில் சுற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். ஆகவே தலைதீபாவளிக்கு முதலில் நீங்களும் சம்பந்தியம்மாவும் வந்தாக வேண்டும். உங்களுக்குத் துணையாக மாப்பிள்ளையையும் இசைவாணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, காலையில் எல்லார் முன்னாலும் நீங்கள் ஊத வேண்டும். ஒரே பதிவு. ஒரு விசில் என்றால் அத்தோடு நிறுத்திவிடுகிறேன். இரண்டு என்றால் பாட்டு போகும். லீலா இரண்டுதான் என்று சொல்லி, உங்களுக்கு வேட்டி எடுக்க நாளைக்குக் காஞ்சிபுரம் கிளம்புகிறாள்.